நம்பர் ஒன் நெஞ்சு

“என் மக நெஞ்சுதான் இங்க நம்பர் ஒன் நெஞ்சு. அதைப் பாத்துட்டு அப்புறம் மத்த புள்ளைங்களுக்குப் பாஸ் போடுங்க!”

இப்படிப் பிரகடனம் செய்தவர் எங்கள் சுகாதார நிலையத்தின் தராசக்கா. பதினெட்டு ஆண்டுகளாகக் குழந்தைகளை எடை போட்டுவரும் பேரரசி. குழந்தை எவ்வளவு கைகாலை உதறினாலும், தராசு முள் அவருக்குப் பயந்து ஓரிடத்தில் நிற்கும் என்பது வரலாறு.

இதய டாக்டரைப் பார்க்க ஏழு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டிய இடம் இது. டாக்டரைக் கொண்டுவர முடியாவிட்டால் அவருடைய கண்ணையாவது கொண்டுவரலாம் என்று மேலிடம் யோசித்தது. தராசக்கா, புண்ணுக்குக் கட்டுப் போடும் கட்டுக்காரர், பள்ளி டிரில் மாஸ்டர் ஆகிய மூன்று மேதைகளுக்கு இரண்டு வாரப் பயிற்சி. கையடக்க ஸ்கேன் கருவியைப் பிள்ளைகளின் நெஞ்சில் வைத்து, இதய வால்வு ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். நோய்க்குப் பெயர் சொல்லும் அதிகாரம் கிடையாது. பிள்ளை இதய டாக்டரிடம் போக வேண்டுமா என்பதற்கு, தாளில் ‘அனுப்பு’, ‘வேண்டாம்’ என்ற இரண்டில் ஒன்றை வட்டமிடலாம், அவ்வளவுதான்.

பழகுவதற்கு அசையாமல் படுக்கும் குழந்தை ஒன்று தேவைப்பட்டது. டிரில் மாஸ்டர் கூட்டிவந்த பையன் பத்தே நிமிடத்தில் மேஜைக்கு அடியில் போய்விட்டான். தராசக்கா தன் ஒன்பது வயது மகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

“படுன்னா படுக்கும். ஓடாது, ஆடாது. அப்படி ஒரு சமத்து.”

“உங்க வயித்துல எப்படிக்கா இப்படி ஒரு பொண்ணு?” என்றார் கட்டுக்காரர்.

“முதல்ல உங்க வாய்க்கு ஒரு கட்டுப் போடுங்க.”

முதல் வாரம், இரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் பட்டனைத் தொடக்கூடாது என்பது பயிற்சி தர நகரத்திலிருந்து வந்திருந்த டாக்டரம்மாவின் சட்டம். கலரைக் கண்டால் புதியவர்களுக்குக் கண் மயங்கிவிடுமாம். ஐந்து நாளும் அந்தச் சிறுமியின் நெஞ்சில் ஜெல் தடவி, கறுப்பு வெள்ளையில் வால்வைத் தேடினார்கள். நன்றாக விழுந்த ஒரு படத்தைச் சுவரில் ஒட்டி, ‘சரியான படம்’ என்று எழுதச் சொன்னார் டாக்டரம்மா. தராசக்கா ‘சரியான இதயம்’ என்று எழுதினார். பிரகடனம் வெளியானது அப்போதுதான்.

இரண்டாம் வாரம் கலருக்கு அனுமதி கிடைத்தது. மூடிய வால்வைத் தாண்டி இரத்தம் பின்னால் பீறிட்டால் திரையில் பல நிறச் சுடர் தெரியும். அதன் நீளம் ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டினால் ‘அனுப்பு’.

சொந்தச் சொத்து என்பதால் தராசக்காதான் முதலில் பட்டனை அழுத்தினார். சுடர் எழுந்தது.

“அழகா இருக்கும்மா” என்றாள் மகள், திரையைப் பார்த்து.

கட்டுக்காரரின் வாய் கட்டு இல்லாமலே மூடிக்கொண்டது.

தராசக்கா அளந்தார். இரண்டு புள்ளி ஒன்று. “கை நடுங்கிடுச்சு” என்று மறுபடி அளந்தார். அதே இரண்டு புள்ளி ஒன்று. மூன்றாம் முறை அளவுக்கோட்டை வால்வை விட்டுச் சற்றுத் தள்ளி ஆரம்பித்தார். ஒன்று புள்ளி நான்கு.

“அக்கா, வால்வுலேருந்து அளக்கணும்” என்றார் டாக்டரம்மா மெல்ல.

“தெரியும் டாக்டர்.”

“இவளுக்கு எப்பவாவது தொண்டை வலி, காய்ச்சல் வந்து, அப்புறம் முட்டி வீங்குச்சா? அந்தக் காய்ச்சல்தான் வால்வைக் கெடுக்கும்.”

“போன வருஷம். வளர்ற வயசு, அப்படித்தான் வலிக்கும்னு நான்தான் சொன்னேன்.”

“ஓடினா மூச்சு வாங்குமா?”

“அது ஓடவே ஓடாது டாக்டர்” என்றார், ஓடாத சமத்தை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவர்.

“நான் பாஸாம்மா?”

“கொஞ்சம் இரு கண்ணு.”

ஒன்று புள்ளி நான்கை அழித்தார். வால்விலிருந்து ஆரம்பித்து நான்காம் முறை அளந்தார். மகளின் நெஞ்சிலிருந்த ஜெல்லைத் துண்டால் ஒத்தி ஒத்தி எடுத்து, சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். பிறகு தாளை இழுத்து, பதினெட்டு ஆண்டுகளாக ஊர்ப் பிள்ளைகளின் எடையை எழுதிய அதே கையெழுத்தில், 2.1 என்று எழுதி, ‘அனுப்பு’வை வட்டமிட்டார்.