அண்ணனின் லென்ஸ், என் கேமரா

அண்ணனும் நானும் வேறு வேறு கம்பெனி கேமரா வைத்திருந்தோம். அவருடைய லென்ஸ் என் கேமராவில் ஏறாது. என்னுடையது அவருடையதில் ஏறாது. அதை வைத்தே ஒருவரையொருவர் பல வருஷம் கிண்டல் செய்தோம்.

அவர் இறந்து மூன்று மாதம் கழித்து, அலோர் காஜா வீட்டில் அண்ணி அவருடைய ஃபிலிம் காலத்து லென்ஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"கேமரா கெட்டுப் போச்சு தம்பி. இது நல்லாத்தான் இருக்கு. நீங்க வச்சுக்குங்க லா."

புக்கிட் பெருவாங்கில் நான் தனியாக இருக்கிறேன். வேறு கம்பெனி லென்ஸை இணைக்கும் அடாப்டர் வளையம் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்து, லென்ஸை என் மிரர்லெஸ் கேமராவில் பூட்டினேன். பட்டனை அழுத்தினால் படம் விழவில்லை. லென்ஸ் பொருத்தப்படவில்லை என்று திரையில் வந்தது. கையில் அவ்வளவு கனம் கனக்கிறது. கேமராவோ இல்லை என்கிறது. லென்ஸ் இல்லாமலும் படம் எடுக்கலாம் என்று செட்டிங்கை மாற்றிய பிறகுதான் வேலை செய்தது. அன்று மத்தியானம் எனக்குச் சமைக்கத் தோன்றவில்லை.

வாராவாரம் போவதுபோல் ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டுக்குப் போனபோது கேமராவையும் காட்ட எடுத்துப்போனேன்.

"என்னை ஒண்ணு எடுங்க. சிங்கப்பூர்ல இருக்கிற மகனுக்கு அனுப்பணும்" என்றார்.

ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்தார். அந்த லென்ஸில் ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. கண் தெளிவாகத் தெரியும்வரை கையால் வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்குப் பழக்கமில்லை. ஒருவழியாகப் பிடித்தபோது அண்ணியின் சிரிப்பு வடிந்துவிட்டிருந்தது. எடுத்துவிட்டேன்.

"சரியா வரலை அண்ணி. இன்னொண்ணு எடுக்கிறேன்."

அவர் திரையை வெகுநேரம் பார்த்தார். "வேணாம். சிரிச்ச படம் அவன்கிட்ட நிறைய இருக்கு. அம்மா நல்லா இருக்காங்கன்னு நெனச்சிக்கிட்டு இருக்கான். இதையே அனுப்புங்க."

அனுப்பினேன். அரை மணி நேரத்தில் மகன் போன் செய்தான். அண்ணி அழுதார். நான் வாசலில் போய் நின்றேன்.

அடுத்த மாதம் அவன் வந்து அண்ணியைத் தன்னோடு கூட்டிப்போனான். பெட்டிகளைக் காரில் ஏற்ற நானும் உதவினேன்.

"வந்து போங்க தம்பி."

"வரேன் அண்ணி."

நடந்தது நல்லதுதான்; அதில் சந்தேகமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை எடுத்தால் எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. சில ஞாயிறுகளில் கிளேபாங் கடற்கரை வரை போய், கடைகள் திறக்கும்வரை காரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புகிறேன்.