கொழுந்தனாரின் மீன் தொட்டி

என் கணவரின் தம்பி பதினைந்து வருடம் சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டுப் போடிக்குத் திரும்பினார். வந்த வாரமே விவசாயம் செய்யப் போவதாக அறிவித்தார். எங்கள் வீட்டின் பின்பக்கம் ஒரு துவைக்கிற கல், ஒரு முருங்கை, நான் கீரை போட்டிருந்த நாலு பாத்தி, இவ்வளவுதான் இடம். அதில்தான் அவருடைய விவசாயம். முன்பகுதியில் நாங்களும் பின்பகுதியில் அவரும் அவர் மனைவியுமாக ஒரே வீட்டில் இருந்ததால், அவர் பேச்சிலிருந்து தப்பிக்க எனக்கு வழியில்லாமல் போயிற்று.

"மதினி, மண்ணே வேணாம். கீழ் தொட்டியில மீனு, மேல் தொட்டியில கீரை. மீனு இருக்குற தண்ணிய மோட்டார் மேல ஏத்தும். அந்த அழுக்கு பூராம் கீரைக்கு உரம். சுத்தமான தண்ணி திரும்பக் கீழ வந்துரும். மருந்து இல்ல, மாயம் இல்ல. விஷமில்லாத சாப்பாடு!"

இதை ஒருமுறை சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன். பால்காரரிடம் சொன்னார். சிலிண்டர் கொண்டுவந்தவரை நிறுத்திவைத்துச் சொன்னார். கேட்க ஆளில்லாத நேரங்களில் செல்போனை முருங்கை மரத்தில் கட்டிவைத்து அதனிடம் சொன்னார். மீனைத் தட்டில் மட்டுமே பார்த்த மனிதர். அதற்கும் முள் எடுத்துக் கொடுக்க மனைவி வேண்டும்.

"படிச்சவன், ஏதோ செய்யுறான், விடேன்" என்பார் என் கணவர். தம்பி என்ன செய்தாலும் அவருக்கு இந்த ஒரே பதில்தான்.

நாங்கள் இருவரும் குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் பல வருடம் வேலை பார்த்தவர்கள். அவர் ஜீப் ஓட்டினார். நான் ஸ்டோரில் இருந்தேன். சாக்கு, உரம், ஏலச்செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்து எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். கண்ணைக் கட்டிவிட்டாலும், மூடியைத் திறந்தால் வருகிற வாடையை வைத்தே எந்த மருந்து என்று சொல்வேன்.

தேவாரம் போகிற வழியில் ஒரு பழைய சாமான் கடையில் டேங்க் ஒன்றைப் பிடித்தார் கொழுந்தனார். ஆயிரம் லிட்டர் கொள்ளும் வெள்ளை பிளாஸ்டிக், சுற்றிலும் கம்பிக்கூண்டு. அது வாசலில் வந்து இறங்கிய பிறகுதான் எங்கள் கேட் அதைவிடச் சின்னது என்பது தெரிந்தது.

"அண்ணே, கேட்ட அளந்து பாக்கலையா?" என்று லோடு கொண்டுவந்த டிரைவர் கேட்டார்.

"வீடியோவுல எல்லாரும் ஈசியாத்தான் உள்ள கொண்டு போறாங்க" என்றார் இவர்.

ஆறு மாதமாக உலகத்து மீன்களைப் பற்றியெல்லாம் படித்தவருக்குத் தன் வீட்டுக் கேட்டின் அகலம் தெரியவில்லை. பக்கத்துச் சுவரில் நாலு வரிசைக் கல்லைப் பெயர்த்து, மேலாகத் தூக்கி உள்ளே இறக்கினார்கள். நான் அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாகத்தான் பார்த்தேன்.

மத்தியானம் வெயில் ஏறி பிளாஸ்டிக் சூடானபோது அந்த வாடை வந்தது. அருகில் போய் மூடியைத் திருகி முகர்ந்தேன். சந்தேகமே இல்லை. ஏலத்தில் தண்டு துளைக்கிற புழுவுக்கு அடிப்போமே, அந்த மருந்து. ஏதோ ஒரு தோட்டத்தில் அதைக் கலக்கி வைத்திருந்த டேங்க்.

"இதுல முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"சோப்புத் தண்ணியாம், கடைக்காரர் சொன்னாரு. நாலு தடவ கழுவிட்டேன் மதினி. நீங்க இதுல மண்டையப் போட்டு உடைக்காதீங்க. இது சயின்ஸு. உங்களுக்குப் புரியாது."

சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிவிட்டேன். சரி, மீன் சாகட்டும், அப்போதாவது வாய் அடங்கும் என்று நினைத்தேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. நடந்தது இதுதான்.

கட்டர் வைத்து டேங்கின் மேல்பாகத்தை அறுத்தார். அதைக் கவிழ்த்துப் பலகைமேல் வைத்தால் கீரைத் தொட்டி, மிச்சமிருக்கும் அடிப்பாகம் மீன் தொட்டி. கீரைத் தொட்டியில் மண்ணுக்குப் பதிலாக நிரப்ப ஜல்லி வந்தது. அதை என் பாத்திகளில் இரண்டின் மேல் கொட்டச் சொன்னார், அரைக்கீரை முளைவிட்டிருந்ததைப் பார்க்காமலேயே. குழாயை மூன்று முறை மாட்டினார், மூன்று முறையும் ஒழுகியது. பிறகு, தண்ணீரில் நல்ல கிருமி வளர வேண்டும் என்று மீன் தீவனத்தை மட்டும் போட்டு வாரக்கணக்கில் மோட்டாரை ஓட்டினார். வெறும் தண்ணீருக்கு இரண்டு வேளை சாப்பாடு போட்ட ஆளை நான் அப்போதுதான் பார்த்தேன்.

வைகை அணைப் பக்கம் போய் ஜிலேபி மீன் குஞ்சுகள் வாங்கிவந்தார். விரல் நீளம், நாற்பது. காற்று அடைத்த கவரோடு தொட்டியில் மிதக்கவிட்டு, சூடு ஒத்துப்போனதும் திறந்துவிட்டார். அவர் மனைவி சூடம் காட்டினாள். மறுநாள் காலையில் பாதி மீன் பக்கவாட்டில் சாய்ந்து வட்டமடித்தன. அடுத்த நாள் ஒன்றும் மிஞ்சவில்லை.

"முனிசிபல் தண்ணியில குளோரின்" என்றார் கொழுந்தனார். தண்ணீரை மாற்றி, வெயிலில் நாள்கணக்கில் வைத்திருந்து, மறுபடி நாற்பது வாங்கிவந்தார். அவையும் செத்தன. இந்தத் தடவை அவர் ஒரு காரணமும் சொல்லவில்லை. சல்லடைக் கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்து முருங்கை அடியில் புதைத்தார். புதைத்துவிட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டார். காபி வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். அப்போதும் நான் சொல்லவில்லை.

மேல்தொட்டியில் அவர் தூவியிருந்த கீரை மட்டும் கரும்பச்சையில் தளதளவென்று வந்தது. அதைச் சாப்பிடுவார்கள் என்பது என் புத்தியில் எப்படி உறைக்காமல் போனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அவர் தோற்பதைப் பார்ப்பதில் அவ்வளவு மும்முரம்.

ஒரு காலையில் அவர் மனைவி, என் ஓரகத்தி, ஒரு கட்டுக் கீரையோடு என் அடுப்படிக்கு வந்தாள்.

"அக்கா, மீனு போனாப் போகுது. மொத அறுப்பு. பாதி ஒங்களுக்கு, பாதி எனக்கு. அவர் மொகத்துல இன்னிக்குத்தான் கொஞ்சம் சிரிப்பு வந்துருக்கு."

வாங்கி வைத்தேன். அவள் போனதும் குப்பைக்கூடையில் போட்டேன். போட்டுவிட்டுக் கை கழுவும்போதுதான் மிச்சப் பாதி எங்கே இருக்கிறது என்பது உறைத்தது. பின்பகுதிக்கு ஓடினேன். அடுப்பில் பருப்போடு கீரை வெந்துகொண்டிருந்தது. பிடிதுணி தேடக்கூட நிற்காமல் சேலைத் தலைப்பால் சட்டியைத் தூக்கி, வெளியே கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தேன்.

"என்னக்கா பண்ணுறீங்க!" என்று அலறினாள் அவள்.

கொழுந்தனார் சட்டையில்லாமல் ஓடிவந்தார். மூச்சு வாங்கச் சொன்னேன்: "அது மருந்து டேங்கு. புழுவுக்கு அடிக்கிற மருந்து. எனக்கு அந்த வாடை தெரியும்."

"எப்பத் தெரிஞ்சுது மதினி?"

"எறக்குன அன்னிக்கே."

மீன்களைப் புதைத்த முருங்கை அடியைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டாவது தடவ மீனு வாங்கிட்டு வந்தேனே, அப்பவுமா?"

"ஆமா."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் திருப்பிக் கொடுக்க என்னிடமும் நிறைய இருந்தது. அவர் உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார். ஓரகத்தி தரையில் உட்கார்ந்து வெறும் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் உப்புப் பாக்க ஒரு கரண்டி வாயில வச்சேன்" என்றாள்.

நானும் என் கணவருமாக அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வழி முழுக்க அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு மாதக்கணக்கில் பேசவில்லை. என் கணவர் முதல்முறையாகத் தம்பியை விட்டுவிட்டு என்னைக் கேட்டார்: "ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு என்ன கேடு?"

அந்த டேங்கைக் கேட்டு ராசிங்காபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். மாட்டுக்குத் தண்ணீர் பிடித்துவைக்க அடிப்பாகம் போதும் என்றார். கொழுந்தனார் கொடுக்க மறுத்தார். விஷயத்தைச் சொல்லி அனுப்பிவிட்டு, கட்டரை எடுத்து, அன்றைக்குப் பூராவும் அந்த பிளாஸ்டிக்கைக் கையகலத் துண்டுகளாக அறுத்தார், இனி யாரும் அதில் எதையும் ஊற்றிவைக்க முடியாதபடி. வேர்த்து, தூசி அப்பி, கண்றாவியாக இருந்தார். நான் ஜன்னலில் நின்றிருந்தேன். தோட்டத்தில் காலியான மருந்து கேன்களைத் தண்ணீர் பிடிக்க வேண்டுமென்று பெண்கள் என்னிடம் கேட்பார்கள். பெரிய உபகாரம் செய்கிற நினைப்பில் எடுத்துக் கொடுப்பேன். ஒருத்தியிடமும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஒரு கேனையும் உடைத்ததில்லை. இந்த மனிதரை இவ்வளவு நாளும் மட்டமாக நினைத்த நான் யார் என்று அன்றைக்கு எனக்கே அருவருப்பாக இருந்தது.

அடுத்த டேங்க் ஒரு மிட்டாய்க் கம்பெனியில் சர்க்கரைப்பாகு ஊற்றி வைத்திருந்தது. வாங்குவதற்கு முன்னால் கொழுந்தனார் என்னிடம் வந்து நின்றார். "மதினி, ஒரு எட்டு வர்றீங்களா? நீங்க பாத்துச் சொன்னாத்தான் ஏத்துவேன்." போனேன். தலையை உள்ளே விட்டு முகர்ந்துவிட்டு, சரி என்றேன். கேட்டை இந்தத் தடவையும் அவர் அளக்கவில்லை. நான்தான் அளந்து வைத்திருந்தேன்.

இப்போது அதில் மீன்கள் உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்திருக்கின்றன. ஓரகத்தி சோலி இருந்தால் மட்டும் பேசுகிறாள். கொழுந்தனாரின் வாய் மறுபடி திறந்துகொண்டது. நேற்று செல்போனிடம், இந்த முறையைப் போடியிலேயே முதன்முதலில் கொண்டுவந்தது தான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த தெருவில் மூன்று வருடமாக ஒருவர் இதே மாதிரி தொட்டி வைத்திருக்கிறார். ஜன்னலைச் சாத்திவிட்டு நான் அரிசியைக் களைந்தேன்.