இசைத்தட்டுகள் கேசட்டுக்குக் குடிபோன கதை

எங்கள் தோட்டத்தில் கல்யாணம் என்றாலும் சாவு என்றாலும் முதலில் ஆள் வருவது எங்கள் வீட்டுக்குத்தான். அப்பா ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி, ஆனால் வருகிறவர்கள் கிராணியைத் தேடி வருவதில்லை. ஒலிபெருக்கியும் இசைத்தட்டுகளும் தோட்டத்திலேயே எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தன. கோலா சிலாங்கூருக்கு வெளியே, ரப்பரும் செம்பனையும் பாதிப் பாதியாக நின்ற அந்தத் தோட்டத்தில், அப்பாவின் பாட்டு இல்லாமல் யாரும் தாலி கட்டிக்கொண்டதும் இல்லை, சுடுகாட்டுக்குப் போனதும் இல்லை. இதற்கு அவர் கூலி வாங்கமாட்டார். மரியாதை மட்டும் வாங்கிக்கொள்வார், அதையும் பாக்கி வைக்க விடமாட்டார்.

இசைத்தட்டுகள் இரண்டு மரப்பெட்டிகளில் இருந்தன. சிவப்புத் துணி போர்த்தியது கல்யாணப் பெட்டி. வெள்ளைத் துணி போர்த்தியது சாவுப் பெட்டி. அம்மா சிவப்புப் பெட்டியை வெள்ளிக்கிழமைதோறும் துடைத்து வைப்பார். வெள்ளைப் பெட்டியை விளக்குமாற்றின் நுனியால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவதோடு சரி.

கல்யாணத்தில் அப்பாவுக்கு ஒரு பெரிய வேலை உண்டு. நாதஸ்வரக்காரர்கள் கிள்ளானிலிருந்து வரவேண்டும், நல்ல முகூர்த்த நாளில் அவர்கள் எங்கள் தோட்டத்துக்கா வருவார்கள்? ஆகவே கெட்டிமேளமும் இசைத்தட்டில்தான். ஐயர் விரலைத் தூக்கி ஆட்டியதும் அப்பா ஊசியைச் சரியான கோட்டில் இறக்குவார், மேளம் கொட்டும், தாலி ஏறும். அந்த நேரத்தில் தும்மல், அழுகை, கெட்ட சொல் எதுவும் மணமக்கள் காதில் விழக்கூடாது என்பதற்காகத்தானே அவ்வளவு சத்தம். அப்பாவின் கை ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. இது ஊரார் சொன்னதல்ல, அவரே ஊராரிடம் சொன்னது.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் அப்பா கோலா சிலாங்கூர் டவுனுக்குப் போய் ஒரு ரேடியோ கேசட் வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டு பெட்டிப் பாட்டும் ஒரு ஜோடி சப்பாத்து வந்த பெட்டிக்குள் அடங்கிவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அப்பா தன் இசைத்தட்டுகளை ஆஸ்பத்திரியில் கிடக்கும் உறவினரைப் பார்ப்பதுபோலப் பார்க்கத் தொடங்கினார். இது வெயிலில் வளைந்துவிட்டது, இது பூஞ்சணம் பிடித்துவிட்டது, இது ஒரே வரியில் நின்று மாரடிக்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துக் குறை சொன்னார். எல்லாவற்றையும் கேசட்டுக்கு மாற்றப்போவதாக அறிவித்தார். அதற்கு அவர் வைத்த கெடு என் கல்யாணம்.

என் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது ஒரு நூலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் ரவாங்கில் ஒரு பேக்டரியில் வேலை பார்த்தேன். நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவர் அதே பேக்டரியில் ஸ்டோர் பார்த்தார். எங்களுக்குப் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சொல்லி, எங்கள் வீட்டில் சரி என்றார்கள். அவருக்கு அப்பா அம்மா இல்லை, உலு யாமில் இருந்த அத்தைதான் வளர்த்து ஆளாக்கியவர். அந்த அத்தைக்கு என்னிடம் குறை ஒன்றும் அகப்படவில்லை. அதனால் சகுனத்தில் குறை தேடினார். பெண் பார்க்கக் கிளம்பிய அன்று பஸ் வழியில் நின்றுவிட்டது. பாக்கு வெற்றிலை மாற்றிய அன்று எங்கள் வீட்டு விளக்கு அணைந்துவிட்டது. இன்னும் ஒன்று சரியில்லை என்றால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று சபையில் வைத்தே சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவர் வேண்டும். ஆகவே முகூர்த்தம் முடியும்வரை பூனை, பல்லி, பஸ், விளக்கு எல்லாமே ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும் என்று கோயிலில் போய் வேண்டிக்கொண்டேன். ரேடியோ கேசட்டுக்காக வேண்டிக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.

பதிவு வேலை தொடங்கியது. இரண்டு கருவிகளையும் ஒரு ஒயரால் இணைத்தால் பாட்டு நேராக ஏறும் என்று கடைக்காரர் ஒயரும் கொடுத்திருந்தார். அது அப்பாவின் பழைய பெட்டியில் பொருந்தவில்லை. பொருந்தாத ஒயரைக் கொண்டுபோய் மாற்றுவது தன் கௌரவத்துக்குக் குறைவு என்று நினைத்தாரோ என்னவோ, ஸ்பீக்கருக்கு முன்னால் நாற்காலி போட்டு அதன்மேல் ரேடியோ கேசட்டை உட்கார வைத்தார். ஒன்று பாடும், மற்றது கேட்டுக்கொண்டிருக்கும். நடுவில் இருக்கும் காற்றுக்கு மட்டும் அப்பாவால் உத்தரவு போட முடியவில்லை, ஆகவே எங்களுக்குப் போட்டார். பதிவு நடக்கும்போது வீட்டில் யாரும் பேசக்கூடாது, இருமக்கூடாது, கடுகு தாளிக்கக்கூடாது.

தோட்டத்தில் அப்போது மாலை நேரத்துக்கு மட்டும்தான் கரண்டு. தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயமே வேலை முடிந்து வந்து, குளித்து, சமைத்து, சண்டை போடுகிற நேரம் அது. எங்கள் வீட்டு வாயை அப்பாவால் கட்ட முடிந்தது, பக்கத்து வீட்டு வாயைக் கட்ட முடியவில்லை. முருகன் பாட்டு ஒன்றில் நாய் இரண்டாம் குரல் பாடியது. அம்மன் பாட்டு ஒன்றில், உருக்கமான இடத்தில், பக்கத்து வீட்டு அக்கா தன் வீட்டுக்காரரை எந்தக் கடையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்று தெளிவாக விளக்கினார். துரை பங்களாவில் ஏர்கோன் போட்டால் எங்கள் லயத்தில் கரண்டு இளைத்துவிடும். உடனே இசைத்தட்டு மெதுவாகச் சுற்றும், உச்சத்தில் நின்ற பாடகி கிணற்றுக்குள் இறங்குவதுபோல இறங்குவார். துரை ஏர்கோனை நிறுத்தினால் மறுபடி ஏறி வருவார். அப்பா அதையும் அழிக்காமல் விட்டார். கேட்பவர்கள் சங்கதி என்று நினைத்துக்கொள்வார்கள் என்றார்.

நான் வாரக் கடைசியில் ரவாங்கிலிருந்து வந்தால் வீட்டில் ஊமைப் பாஷைதான். அம்மா உப்பு வேண்டும் என்பதற்கு ஒரு கை ஜாடை, உன் கல்யாணப் புடவைக்கு ரவிக்கைத் துணி எடுத்தாயா என்பதற்கு ஒரு கை ஜாடை. கல்யாணப் பெண்ணோடு தாய் பேச வேண்டிய பேச்சு எவ்வளவோ இருந்தது. அதில் பாதியை நாங்கள் கொல்லைப்புறத்தில் குசுகுசு என்று பேசினோம், மீதியைப் பேசவே இல்லை. இதில் எனக்கு அப்பாமேல் உண்மையாகவே கோபம்.

அடுத்த வம்பு கேசட்டின் கொள்ளளவில் வந்தது. அப்பா கிராணி. ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் ஒரு சொட்டு சிந்தினாலும் முகம் சுளிக்கிறவர். கல்யாணப் பாட்டில் சிறந்தவற்றைப் பொறுக்கி ஒரு கேசட்டின் ஒரு பக்கத்தில் போட்டார். பக்கத்தின் கடைசியில் மிச்சமிருந்த இடத்தில் கெட்டிமேளம் கச்சிதமாக உட்கார்ந்தது. அதில் அவருக்கு அப்படி ஒரு திருப்தி. ஆனால் கேசட்டின் மறுபக்கம் வெறுமையாக இருந்தது, அது அவரை உறுத்தியது. சிவப்புப் பெட்டியில் இனிப் பாட்டு இல்லை. ஆகவே கட்டிலுக்கு அடியில் குனிந்து வெள்ளைப் பெட்டியை இழுத்தார்.

அம்மா அன்றைக்குப் பேச்சுத் தடையை மீறினார்.

"நல்லதும் கெட்டதும் ஒரே கேசட்டுல போடலாமாங்க? புள்ள கல்யாணத்துக்குப் போடப் போறது."

"அது அந்தப் பக்கம், இது இந்தப் பக்கம்" என்றார் அப்பா. "ரெண்டும் ஒன்ன ஒன்னு பாத்துக்கவே பாத்துக்காது. ஒன்னும் ஆவாதுலா."

அந்த உரையாடலும் ஒப்பாரியின் தொடக்கத்தில் பதிவாகிவிட்டது. அதை மட்டும் அழித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து பதிவு செய்தார்.

எல்லாம் முடிந்ததும், அடங்கும் என்று கடைக்காரர் சொன்னபடியே சப்பாத்துப் பெட்டிக்குள் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு இசைத்தட்டுகள் வீட்டில் எதற்கு என்று அப்பா கேட்டார். இருக்கட்டுமே என்றேன். கரையான் வரும் என்றார். சுங்கை பஞ்சாங்கில் அவருக்கு ஒரு மலாய்க்கார நண்பர் இருந்தார், நெல் வயல் வைத்திருப்பவர். அவர் வந்து இரண்டு பெட்டியையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார். வயலில் கயிறு கட்டித் தட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டாராம். காற்றில் சுற்றிப் பளபளக்க, குருவிகள் கிட்டே வரவில்லையாம். அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தன் பாட்டுகள் இப்போது ஊருக்கே சோறு போடுவதாகப் பெருமையடித்துக்கொண்டார்.

கல்யாணம் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில். பகலில் கரண்டு கிடையாது என்பதால் ஒரு லோரி பேட்டரியை வைத்து ஒலிபெருக்கியை ஓட்டினார்கள். பெண்ணைப் பெற்றவர் மணவறையில் உட்கார வேண்டும், அதே சமயம் ரேடியோ கேசட்டை வேறு யாரும் தொடக்கூடாது. அப்பா இரண்டுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். மணவறைத் தூணுக்குப் பக்கத்தில், தன் கைக்கெட்டும் தூரத்தில், பட்டுத் துண்டு போர்த்தி அதை உட்கார வைத்துவிட்டார். பார்த்தவர்கள் மாப்பிள்ளைத் தோழன் என்றே நினைத்திருப்பார்கள். முதல் நாளே கேசட்டை ஓட்டி, கெட்டிமேளம் தொடங்கும் இடத்தில் நிறுத்தி வைத்திருந்தார். பொத்தானை அமுக்கினால் போதும்.

மாப்பிள்ளை வீட்டார் தாமதமாக வந்தார்கள். காத்திருந்த கூட்டம் பாட்டு கேட்டது. அப்பா அந்தக் கேசட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வேறு கேசட்டைப் போட்டார். பிறகு ஓமம் வளர்த்தார்கள். மண்டபம் முழுக்கப் புகை. அப்பா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்து, மந்திரத்துக்கு இடையே, மடியிலிருந்த கேசட்டைக் கைத் தடவலிலேயே உள்ளே போட்டு மூடினார். நான் அதைக் கண்ணால் பார்த்தேன். எந்தப் பக்கம் என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. என் கண் அத்தைமேல் இருந்தது. அவர் முன்வரிசையில் உட்கார்ந்து, அதுவரை ஒரு குறையும் அகப்படாத வருத்தத்தில் இருந்தார்.

ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். விரலைத் தூக்கி ஆட்டினார். அப்பா பொத்தானை அமுக்கினார்.

ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல், என்னை விட்டுப் போய்விட்டாயே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு பாடத் தொடங்கியது. அந்தப் பதிவில் நாயும் இல்லை, ஏர்கோனும் இல்லை. அப்பா செய்ததிலேயே சுத்தமான பதிவு அதுதான். லயம் முழுக்கத் தெளிவாகக் கேட்டது.

அப்பா பதறி நிறுத்தும் பொத்தானுக்குப் பதிலாக வேறு எதையோ அமுக்கினார். அந்த அம்மாள் கீச்சுக் குரலில் வேகமாக அழுதார். மறுபடி அமுக்கினார், பழைய குரலுக்கே திரும்பி நிதானமாக அழுதார். உலு யாம் அத்தை எழுந்து நின்றார்.

"சாமி, கொஞ்சம் பொறுங்க."

என் கழுத்துக்குப் பக்கத்தில் வந்த தாலி நின்றது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கி அவர் மடிக்குப் போனது. அவர் திரும்பி அத்தையைப் பார்த்தார்.

கல்யாணப் பெண் தலை நிமிரக்கூடாது, வாய் திறக்கக்கூடாது. இரண்டையும் செய்தேன். அவர் பக்கம் திரும்பி, அவருக்குக் கேட்கும்படி சொன்னேன்.

"கட்டுங்க. நேரம் போவுது."

அவருக்குக் கேட்டது. இமை அசைந்ததை நான் பார்த்தேன். ஆனால் முகம் திரும்பவில்லை.

அம்மாதான் முதலில் குலவை விட்டார். பின்னாலிருந்து லயத்துப் பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். யாரோ தாம்பாளத்தைத் தட்டினார்கள், யாரோ தகர வாளியைத் தட்டினார்கள். எந்தக் கெட்டிமேளமும் எங்கள் தோட்டத்தில் அவ்வளவு சத்தமாகக் கொட்டியதில்லை. ஒப்பாரி அதில் அடியோடு அமுங்கிப்போனது. அத்தை சுற்றிலும் பார்த்தார். கெட்ட சொல் எதுவும் இப்போது காதில் விழவில்லை, குறை சொல்ல வழியில்லை. தலையை லேசாக ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார், தாலி கட்டினார்.

அந்தக் கேசட் கதை உறவுக்காரர்களிடம் இன்றைக்கும் செல்லுபடியாகிறது. அத்தை இருந்தவரை எங்கள் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், பால் பொங்கி அடுப்பு அணைந்தாலும் அந்தப் பாட்டின் வேலைதான் என்றார். பாவம் அப்பா, அதை முழுசாக நம்பினார். எனக்கு ஏதாவது கஷ்டமா என்று ஒவ்வொரு முறையும் பயந்து பயந்து கேட்பார். நான் இல்லை என்பேன். பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லைதான். வீடு வாங்கியபோதும், நான் வேலையை விட்டபோதும், பிள்ளைக்குப் பெயர் வைத்தபோதும், என் வீட்டுக்காரர் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, உலு யாமுக்கு அத்தையிடம் ஒரு நடை போய்வந்து, பிறகு சரி என்பார்.

அந்தப் பாட்டில் ஒரு வரிகூட எனக்கு இப்போது நினைவில்லை. கட்டுங்க என்று நான் சொன்ன பிறகும் அவர் அத்தை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.