மருமகனும் குதிரைத் தொட்டியும்

நெடுந்தீவில் எங்கள் பகுதிக்குக் குடிதண்ணீர் அனுப்பும் நிலையத்தில் வேலை செய்கிறேன். தாங்கியின் மட்டம் பார்ப்பது, வால்வுகளைத் திறந்து பூட்டுவது, வளவைக் கூட்டுவது எல்லாம் என் பொறுப்பு. ஆட்களோடு அதிகம் கதைக்க வேண்டியதில்லை என்பதால்தான் இந்த வேலை எனக்குப் பிடித்தது. பம்பை இயக்கும் அண்ணை என் பங்குக்கும் சேர்த்துக் கதைப்பார்.

ஒரு மாரி காலத்தில் கொழும்பிலிருந்து நிலையத்துக்கு ஒரு கணினிப் பெட்டி வந்தது. அதைப் பொருத்திப் பூட்ட யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் இளம் பெண் பொறியியலாளர் படகேறி வந்தார். அதற்குள் இருப்பது செயற்கை நுண்ணறிவு என்றார். பெரிய நகரங்களில் தண்ணீர், மின்சாரம், பாலம் எல்லாவற்றையும் காவல் காக்கவென்று உருவாக்கினார்களாம். குழாய்களில் பூட்டிய கருவிகளும் வீதிக் கமெராக்களும் அதற்கு ஓயாமல் செய்தி சொல்லும். வழமை எது என்று அது தானாகவே படித்துக்கொள்ளும். வழமைக்கு மாறாக ஏதும் நடந்தால் என் போனுக்கு அழைக்கும். ஆபத்தென்று பட்டால் தானே வால்வைப் பூட்டிவிடும்.

"பட்டணத்துக்குச் செய்தது இங்கை என்னத்துக்குப் பிள்ளை?" என்று அண்ணை கேட்டார்.

"பட்டணத்திலை பைப் வெடிச்சால் உடனை ஆள் வரும் அண்ணை. இங்கை சோளகக் காத்துக்கை வெடிச்சால்? படகு ஓடாட்டி என்னத்தைக் குடிப்பியள்?"

அது சரிதான் என்று அண்ணை தலையாட்டினார். ஆனால் பெட்டி சூடாகக் கூடாதென்று அது இருந்த அறைக்கு ஏசி பூட்டியதை அவரால் பொறுக்க முடியவில்லை. எங்களுக்கு இருந்தது ஒரு பழைய மின்விசிறிதான்.

"கொழும்பிலையிருந்து வந்து இறங்கினார். குளிர் அறையிலை இருக்கிறார். எல்லாத்திலையும் பிழை பிடிக்கிறார். இவர் மருமகனேதான்!" என்றார். அன்றிலிருந்து ஊர் முழுக்க அதற்கு மருமகன் என்றே பெயர்.

மருமகனுக்கு வானொலிச் செய்தி வாசிப்பவர் போல ஒரு பெண் குரல். "அன்புள்ள பணியாளரே" என்று தொடங்கி விசயத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிடும். சுகம் கேட்காது, ஊர்க்கதை கேட்காது. என்னைப் போன்ற ஆளுக்கு அதைவிட நல்ல கூட்டாளி ஏது? அதற்குக் கேட்காது என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் "ஓம், சரி" என்று மரியாதையாகச் சொல்லுவேன்.

கோடை வந்தது. கோடையில் குட்டைகள் வற்றிவிடும். தீவின் வெட்டவெளியில் யாருக்கும் சொந்தமில்லாமல் திரியும் குதிரைகள் பொழுதுபடும் நேரம் வீடுகளை நோக்கி வரும். எங்கள் வீதியில் ஒவ்வொரு வீட்டுப் பவள முருகைக்கல் மதிலுக்கு வெளியேயும் ஒரு தொட்டி உண்டு. பின்னேரமானால் குழாயை மெல்லிய நூல் போலத் திறந்து அதற்குள் விடுவோம். இதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. குழாய் தந்த அன்றே, இது மனிசருக்கு மட்டும், ஆடு மாட்டுக்கு விடக்கூடாது என்று சொல்லித்தான் தந்தார்கள்.

என் தொட்டிக்கு நெற்றியில் வெள்ளை விழுந்த ஒரு குதிரை வரும். அந்த வருடம் அதனோடு ஒரு குட்டியும் வந்தது. தாய்க்கு விலா எலும்பு தெரிந்தது. தண்ணீர் இல்லாவிட்டால் பால் வற்றும், பால் வற்றினால் குட்டி போய்விடும். முன்னொரு கோடையில் அந்த வெளியில் செத்துக் கிடந்தவற்றை நான் பார்த்திருக்கிறேன்.

மருமகன் படித்தது மாரியில். குதிரைகளை அதற்குத் தெரியாது. பொழுதுபட வீதி முழுக்கக் குழாய்கள் ஒன்றாகத் திறந்ததும், நிலத்துக்கு அடியில் பைப் உடைந்துவிட்டது என்று முடிவுகட்டி எங்கள் வீதிக்கான வால்வைப் பூட்டிவிட்டது. அது பூட்டியதைப் பொறியியலாளர் வந்துதான் திறக்க வேண்டும்.

அடுத்த படகில் பொறியியலாளர் வந்தார். என்னையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார்.

"பின்னேரத்திலை பைப்பைத் திறந்து விடுறனீங்களோ?"

"ஐயோ, இல்லைப் பிள்ளை! ஒரு சொட்டும் சிந்தமாட்டம்" என்றா பக்கத்து வீட்டு அக்கா. அவ நின்றது தொட்டிக்கு முன்னால். காலடியில் குதிரைச் சாணம். எல்லா வீட்டிலும் இதே பதில்.

"அக்கா, உங்கடை வீட்டிலை?" என்று என்னைக் கேட்டார். ஓமென்றும் எடுக்கலாம், இல்லையென்றும் எடுக்கலாம் என்பது போலத் தலையை ஆட்டினேன்.

எங்கள் சொல்லை நம்பி அந்தப் பிள்ளை றோட்டைக் கிண்டத் தொடங்கியது. வெயில் கொளுத்தியது. கிண்டக் கிண்டக் காய்ந்த மணல்தான் வந்தது. நாங்கள் நிலையத்துக்குப் போய் வாளியில் தண்ணீர் எடுத்தோம். எங்களுக்கு அது போதும். தொட்டிகள்தான் காய்ந்து கிடந்தன.

பொழுதுபடும் நேரம் வெள்ளை நெற்றிக்காரி குட்டியோடு வந்தது. என் தொட்டிக்குள் முகத்தை விட்டுக் கல்லை நக்கியது. பிறகு நடந்து வந்து, கிண்டிய கிடங்குக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பொறியியலாளருக்குப் பின்னால் குட்டியோடு நின்றது. உடனே என் போன் அடித்தது. பதற்றத்தில் ஒலிபெருக்கிப் பொத்தானை அமத்திவிட்டேன்; எல்லோருக்கும் கேட்டது.

"அன்புள்ள பணியாளரே, அடையாளம் தெரியாத நபர்கள் இருவர் குழாய்ப் பாதைக்கு அருகில் நிற்கின்றனர்."

கிண்டுவதைப் பார்த்து நின்ற வீதிச் சனம் எல்லோரும் திரும்பினார்கள்.

"நபர்கள் இருவராம்!" என்றார் அண்ணை. "அதிலை ஒராள் பால் குடிக்கிறார்."

பொறியியலாளரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்புக்குள் என் வாய் எப்படித் திறந்ததோ தெரியாது.

"அவ தண்ணிக்கு வந்தவ. நான் ஒவ்வொரு நாளும் விடுறனான். வால்வைத் திறவுங்கோ தங்கச்சி."

பிறகு பக்கத்து வீட்டு அக்கா, "நானும் ஒரு சொட்டு விடுறனான்தான்" என்றா. அதற்குப் பிறகு வீதியே ஒத்துக்கொண்டது.

அந்தப் பிள்ளை கிண்டிப் போட்ட மண் கும்பியில் அப்படியே குந்திவிட்டது. "முதலே சொல்லியிருந்தால் இந்த வெயிலுக்கை கிண்டியிருப்பனோ?"

"நீர் மேலிடத்து ஆள். எப்பிடிப் பிள்ளை உம்மிட்டைச் சொல்லுறது?" என்றா பக்கத்து வீட்டு அக்கா.

அவர் கோபிக்கவில்லை. வால்வைத் திறப்பித்தார். பிறகு சொன்னார்: "எல்லாரும் தனித்தனியாத் திறந்தால், உண்மையா வெடிச்சாலும் இதுக்கு விளங்காது. நிலையத்துக்குப் பக்கத்திலை ஒரே தொட்டி கட்டுங்கோ. அதுக்கு ஒரு மீற்றர் போடுவம். மேலிடத்திலை நான் கேக்கிறன். மருமகனுக்கும் படிப்பிச்சு விடுறன்."

அவர் வாயிலும் மருமகன் வந்ததில் அண்ணைக்குப் பெரிய சந்தோசம்.

வீதியே சேர்ந்து தொட்டியைக் கட்டியது. அனுமதியும் வந்தது. பின்னேரங்களில் அதன் குழாயைத் திறப்பது என் வேலையானது. அந்த வருடச் சோளகக் காற்றுக் காலத்திலேயே, கடல் கொந்தளித்துப் படகு ஓடாத ஒரு நாளில், இறங்குதுறைப் பக்கம் உண்மையாகவே ஒரு கசிவு வந்தது. மருமகன் அதைச் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டது. தாங்கி வெறுமையாகுமுன் அண்ணை அதை அடைத்தார். அன்று அவர் ஏசி அறைக்குள் போய், "கெட்டிக்காரன்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த கோடையில் எனக்குக் காய்ச்சல். பகல் படுத்தவள் பொழுதுபடும்வரை அப்படியே நித்திரையாகிவிட்டேன். போன் அடித்தது.

"அன்புள்ள பணியாளரே, குதிரைத் தொட்டியில் வழமையான நீரோட்டம் இல்லை. தயவுசெய்து கவனிக்கவும்."

தலையில் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு போனேன். வெள்ளை நெற்றிக்காரி அங்கே நின்றது. பக்கத்தில் குட்டி, தாயின் தோள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது.

"ஓம் மருமகன், வந்திட்டன்" என்று சொல்லிக்கொண்டு குழாயைத் திறந்தேன்.