காயம் கம்மி

“காலை 10.40. வலது கை உருளையில் பட்டது. காயம் கம்மி. வேலைக்குத் திரும்பினார்.”

1978 ஆகஸ்டில், ஆம்பூரில் நான் எழுத்தராக இருந்த தோல் தொழிற்சாலையின் விபத்துப் புத்தகத்தில் இந்த வரிகளை எழுதியவன் நான். அடிபட்டவன் என் மனைவியின் தம்பி.

ஈரத்தோலிலிருந்து தண்ணீரைப் பிழியும் இயந்திரத்தில் அவனுக்கு வேலை. இரண்டு உருளைகளுக்கு நடுவே முழங்கை அருகே வரை கை போய் வந்திருந்தது. தோல் கிழியவில்லை, ரத்தமும் இல்லை. அடிபட்டவர்களிடம் அங்கே எல்லோரும் கேட்கும் கேள்வியைத்தான் நானும் கேட்டேன்.

“வலி ஜாஸ்தியா, கம்மியா?”

“வலியே இல்ல மாமா. வேற யாரோ கை மாதிரி கீது.” சிரித்தான்.

“ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வாயேன் மச்சான்.”

“இன்னாத்துக்கு? ஊசியப் பாத்தா ஓடுற ஆளு நீ, என்னை அனுப்புறியா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தபடி எழுதினேன். அவன் சொன்னது வலியைப் பற்றி. நான் எழுதியது காயத்தைப் பற்றி. அந்த வித்தியாசம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை விரல்கள் நீலம் பாய்ந்திருந்தன. முன்கை கல்லாக வீங்கியிருந்தது. வேலூர் மருத்துவமனையில், உள்ளே ரத்த ஓட்டம் நின்று தசை செத்துவிட்டது என்றார் டாக்டர்.

“நேத்தே ஏன் வரல?”

“வலிக்கலீங்க,” என்றான் அவன், என்னைப் பார்க்காமல். முழங்கைக்குக் கீழே கையை எடுத்துவிட்டார்கள்.

ஆறு வருடம் கழித்து ஓர் அறிவியல் இதழில் படித்தேன். பலத்த அடியோ பெரும் பயமோ வரும்போது, அபினின் வேலையைச் செய்யும் பொருள்களை உடலே சுரந்துகொள்ளுமாம். அவை வலிச் செய்தியை நரம்பிலேயே அடக்கும், மனத்தையும் லேசாக்கும். அடிபட்ட விலங்கு ஓடித் தப்ப அது உதவும் என்று போட்டிருந்தது. இவன் எங்கே ஓடினான்? இயந்திரத்துக்குத்தான் திரும்பினான்.

படித்ததை அவனிடம் சொன்னேன்.

“அப்போ என் ஒடம்பே என்னை ஏமாத்திடுச்சா மாமா?”

‘இல்லை, நான்தான்’ என்று சொல்லாமல் பேச்சை மாற்றினேன்.

சாயங்காலம் வரை கை மரத்தே இருந்தது என்று அவன் சொல்கிறான். அவனோடு வேலை செய்த ஒருவர் வேறு மாதிரி சொன்னார்: மதியமே தண்ணீர்த் தொட்டியில் கையை விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றானாம், “மாமாகிட்ட சொல்லிடாத, அவரு கம்மின்னு எழுதிட்டாரு” என்றானாம். அதைப் பார்த்ததாக அவர் குறிப்பிட்ட இன்னொருவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். எது உண்மை என்பதை என்னால் இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.