செல்லுக்குள் வந்த மாடு

மீனாட்சிபுரத்துப் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளிக்கூடத்தில் நான் உயிரியல் டீச்சர். ஆண்டுவிழாவில் அறிவியலுக்கும் கொஞ்ச நேரம் உண்டு என்று ஹெட்மாஸ்டர் சொன்னபோது, ஒரு தாவரச் செல்லை ஆட்களை வைத்தே மைதானத்தில் காட்டிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. பிள்ளைகளையெல்லாம் டான்ஸுக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். எனக்கு மிஞ்சியவர்கள் பெற்றோர்கள்.

முதல் ஒத்திகையிலேயே தகராறு. செல்லுக்குள் எது எப்போது நடக்க வேண்டும் என்கிற உத்தரவு உட்கருவிலிருந்துதான் போகும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், ஹெட்மாஸ்டர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து நடுவில் போட்டு உட்கார்ந்துவிட்டார். பெற்றோர் ஆசிரியர் சங்கமான பி.டி.ஏ.வின் பிரசிடெண்ட் முதலமடையில் மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுக்கிறவர். அவரும் ஒரு நாற்காலியோடு வந்தார்.

"ஏனுங்க டீச்சர், ரெண்டு உட்கரு இருக்கக் கூடாதுங்களா?"

"இந்தச் செல்லுக்கு ஒண்ணுதானுங்க."

"அப்ப எனக்கு?"

வாக்குவோல் இருக்கிறது, தண்ணீரைத் தேக்கி வைக்கிற பை என்றேன். வளர்ந்த செல்லில் நடுவிடம் முழுக்க அதற்குத்தான், உட்கருவையே ஓரத்துக்குத் தள்ளிவிடும் என்றதும் அவர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். ஹெட்மாஸ்டருக்குத்தான் ஆகவில்லை.

"தண்ணிக்கு நடுவாந்தரம், உத்தரவு போடறவன் ஓரத்துலயா டீச்சர்?"

"ஓரத்துல இருந்துதான் சார் உத்தரவு போகுது."

பாடப்புத்தகத்தை வாங்கிப் படத்தைப் பார்த்தார். நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போனார்.

மற்றவர்கள் தொந்தரவு தரவில்லை. சுற்றிலும் போட்ட பெஞ்சுகள்தான் செல் சுவர். அதை ஒட்டி உள்ளே, புடவைகளை முடிந்து வளையமாகப் பிடித்து நிற்கும் அம்மாக்கள் செல் சவ்வு. பச்சைத் துண்டு போர்த்திய இரண்டு அப்பாக்கள் பசுங்கணிகம். வெயிலில் நின்று உணவு தயாரிக்க வேண்டும். மதியச் சாப்பாடு சமைக்கிற அக்கா ரைபோசோம்; புரதம் செய்ய வேண்டும் என்றதும் நிஜமாகவே கடலை வேகவைத்துவிட்டார். டிரில் மாஸ்டர் மைட்டோகாண்ட்ரியா. எல்லாருக்கும் ஆற்றல் கொடுக்கிற வேலை என்பதால் ஓடிக்கொண்டே இருந்தார்.

அம்மாக்களிடம் இரண்டு விஷயம் சொல்லியிருந்தேன். வேண்டியதை உள்ளே விட வேண்டும், வேண்டாததை விடக் கூடாது. வாக்குவோலில் தண்ணீர் குறைந்தால் சவ்வு சுவரை விட்டுச் சுருங்கும். அவர்கள் தலையாட்டிய வேகத்தைப் பார்த்து, மண்டையில் ஏறவில்லை என்றே நினைத்தேன்.

விழா அன்று எல்லாம் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. நான் மைக்கில் விளக்கிக்கொண்டிருந்தேன். பிரசிடெண்ட் வெள்ளை வேட்டியோடு நடுவில் நின்றார், முன்னால் தண்ணீர் நிரம்பிய பெரிய நீல அண்டா. அப்போது ஒரு செவலை மாடு அறுந்த கயிற்றை இழுத்துக்கொண்டு மைதானத்துக்குள் வந்தது. பெஞ்சுகளுக்கு நடுவில் இருந்த சந்து வழியாகப் புகுந்தது. புடவையின் முன்னால் வந்து நின்றது. இரண்டு அம்மாக்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். புடவையை உயர்த்தி வழி விட்டார்கள்.

"ஏனுங்க, மாட்டை எதுக்கு விட்டீங்க?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டேன்.

"நமக்கு வேண்டியவங்க மாடுதானுங்க டீச்சர்" என்றார் ஒருவர்.

மாடு நேராக அண்டாவுக்குப் போய் வாயை வைத்தது. பிரசிடெண்ட் நகரவில்லை. நகர்ந்தால் நடுவிடம் போய்விடும் என்று பயந்தாரோ என்னவோ. ஹெட்மாஸ்டர் ஓரத்திலிருந்து உத்தரவு போட்டார், "அதைப் புடிச்சு வெளிய உடுங்க." பசுங்கணிகங்கள் தங்களுக்கு அந்த வேலை இல்லை என்பதுபோல நின்றார்கள். டிரில் மாஸ்டர் ஓடி ஓடிக் களைத்து, ரைபோசோம் அக்காவிடம் கடலை வாங்கித் தின்றுகொண்டிருந்தார்.

தண்ணீர் குறையக் குறைய அம்மாக்கள் உள்ளே நகர ஆரம்பித்தார்கள். யாரும் சொல்லவில்லை. ஒரு அடி, இன்னொரு அடி. புடவை வளையம் சிறுத்துக்கொண்டே வந்தது. ஹெட்மாஸ்டர் நாற்காலியோடு தள்ளப்பட்டுப் பிரசிடெண்டின் முழங்காலில் போய் முட்டினார். மாட்டின் வால் இரண்டு பேர் மேலும் மாறி மாறி விழுந்தது. கூட்டம் சிரித்துச் சிரித்து ஓய்ந்தது. நான் மைக்கை இறக்கிவிட்டு அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெங்காயத் தோலையும் உப்புத் தண்ணீரையும் வைத்து இந்தச் சுருக்கத்தை வகுப்பில் எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். பாதிப் பிள்ளைகளுக்கு நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாது.

மாடு போதும் என்று தலையைத் தூக்கியது. முன்னால் நின்ற அம்மா என்னைப் பார்த்தார்.

"டீச்சர், தண்ணி ஊத்துனா பழையபடி விரியோணுமுங்களா?"

"விரியோணுமுங்க" என்றேன்.

அவர் புடவையை விடாமல், குழாயடியில் நின்ற தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அவர் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார். முதுகு பெஞ்சில் இடிக்கும் வரை அம்மாக்கள் பின்னால் நகர்ந்து போனார்கள். ஹெட்மாஸ்டர் நாற்காலியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு மறுபடி ஓரத்தில் உட்கார்ந்தார். மாட்டை வெளியே விட அவர் இன்னொரு உத்தரவு போட வேண்டியிருக்கவில்லை. அது வந்த வழியே தானாகப் போனது.