நான் கேட்டது இரும்பு ஃபோர்க்கு

நான் கேட்டது இரும்பு ஃபோர்க்கு. புதுச் சைக்கிளுக்கு அதுதான் வேண்டும் என்று ஒரு தடவை அல்ல, பல தடவை கேட்டேன். வாயால் சொன்னேன், தாளில் எழுதினேன், அந்தத் தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியும் வைத்தேன். மூன்று மாதம் அது அங்கே இருந்தது. பால் எடுக்கக் கதவைத் திறந்த ஒவ்வொரு தடவையும் அது என் கணவரின் கண்ணில் பட்டிருக்கும். இதை எழுதும்போதுகூட எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்குப் பராமரிப்பு வேலை. இருபது வருடமாக ஆட்களைத் தூக்கி, புரட்டி, இருத்தி என் இரண்டு மணிக்கட்டும் போய்விட்டன. வீடு மேட்டில் இருக்கிறது, வேலை பள்ளத்தில். காலை வேலைக்குப் போகிற நேரத்துக்கு பஸ் வசதிப்படாது, சைக்கிள்தான். ஸ்டேஷன் வாசலில் நிறுத்தியிருந்த பழைய சைக்கிளை யாரோ களவெடுத்துக்கொண்டு போனபோது, இனி வாங்குவதை யோசித்து வாங்குவது என்று முடிவெடுத்தேன். எனக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. ஐம்பது முடிகிற கோடையில் வேசர் ஆற்றோரமாகக் கடல் வரைக்கும் சைக்கிளில் போக வேண்டும். கூடாரமும் சின்ன அடுப்பும் கட்டிக்கொண்டு, தனியாக.

வேலைக்கும் பயணத்துக்கும் ஒரே சைக்கிள். அதற்காக நான் படித்த படிப்பை மொழிச் சோதனைக்குக்கூடப் படிக்கவில்லை. ரேஸ் சைக்கிள் முதுகை ஒடிக்கும். மலைச் சைக்கிளின் தடித்த டயர் தார் ரோட்டில் ஆளைப் பின்னுக்கு இழுக்கும். எனக்குச் சரியானது ட்ரெக்கிங் சைக்கிள். பிறகு ஃபோர்க்கு, அதாவது முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த இரண்டு கால்கள். ஸ்பிரிங் வைத்தது வீண் பாரம். அலுமினியம் விறைப்பு, ரோட்டில் உள்ள ஒவ்வொரு கல்லையும் மணிக்கட்டுக்கு அனுப்பிவைக்கும். கார்பன் லேசுதான், ஆனால் பலவற்றில் பை பூட்டத் துளை இருக்காது, பிழையாக இறுக்கினால் உள்ளே வெடித்துவிட்டு வெளியே ஒன்றும் காட்டாது. இரும்பு பாரம். உருக்கு என்பதுதான் சரியான சொல், ஆனால் எங்கள் வீட்டில் எல்லோரும் அதை இரும்பு என்றே நக்கலடித்தார்கள். அது கொஞ்சம் வளைந்து கொடுக்கும், இரண்டு பக்கமும் பை தாங்கும், அடிபட்டால் வளைந்து நின்று காட்டும்.

சைக்கிள் கடையில் வேலை செய்கிற ஒரு ஜெர்மன் பெண் என்னைக் கல் பதித்த சந்தில் இரண்டு மூன்று சைக்கிள்களை மாறி மாறி ஓடிப் பார்க்க விட்டாள். இரும்பு ஃபோர்க்கில் வந்தபோது மணிக்கட்டு நோகவில்லை. எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வீட்டில் வந்து சொன்னேன்.

"பொறும். அண்ணையிட்ட ஒருக்காக் கேப்பம்" என்றார் என் கணவர்.

அண்ணை என்பவர் எங்களுக்குச் சொந்தமில்லை. ஆனால் இந்த ஊரில் உள்ள தமிழ்க் குடும்பங்களில் சக்கரம் வைத்த எதையும் அவரைக் கேட்காமல் வாங்குவதில்லை. கார் வாங்கினாலும் அவர்தான், பிள்ளை வண்டி வாங்கினாலும் அவர்தான். வந்து டயரை ஒரு உதை உதைத்து, "எடுங்கோ" என்று சொன்னால் எடுப்போம். அவர் கடைசியாகச் சைக்கிளில் ஏறியது யாழ்ப்பாணத்தில். என் கணவர் அதற்கும் முன்பே இறங்கியவர். எனக்கு எந்தச் சைக்கிள் சரி என்று இந்த இரண்டு பேரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள்.

என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மண்டபம் எடுத்திருந்தார்கள். கேக் வெட்டி முடிந்ததும் கதவு திறந்தது. அண்ணை ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கைப்பிடியில் சந்தனப் பொட்டு, நடுவில் பூமாலை. மட்காட் இல்லை, கரியர் இல்லை, பை பூட்ட ஒரு துளை இல்லை. கறுப்பு கார்பன் ஃபோர்க்கு பளபளத்தது.

"இது ஆகாய விமானத்துக்குப் போடுற சாமான், தங்கச்சி" என்றார் அண்ணை. "இரும்புச் சைக்கிள்ல போனால் சனம் என்ன நினைக்கும்?"

சக்கரத்துக்குக் கீழே தேசிக்காய் வைத்தார்கள். நசித்துக்கொண்டு உருட்டச் சொன்னார்கள், உருட்டினேன். எல்லோரும் காசு சேர்த்து வாங்கியது, திருப்பிக் கொடுத்தால் அத்தனை பேருக்கும் அவமானம் என்று கணவர் காதுக்குள் சொன்னார். நான் கமெராவைப் பார்த்துச் சிரித்தேன். அந்த வீடியோ இன்னும் இருக்கிறது. அதில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற பெண்ணுக்கு இரண்டு அறை விட வேண்டும் போலிருக்கும்.

அடுத்த கிழமை, பை பூட்ட இடமில்லை என்று நான் பிடித்த சண்டையில் கணவர் அண்ணையைக் கூப்பிட்டார். அண்ணை ஸ்பேனரோடும், ஃபோர்க்கைச் சுற்றி இறுக்கிப் பை பூட்டுகிற இரண்டு இரும்பு கிளாம்புகளோடும் வந்தார்.

"இதை இறுக்கக் கூடாது அண்ணை. கார்பன்."

"நான் எத்தனை காருக்கு இறுக்கினனான். நீர் போய்த் தேத்தண்ணி போடும்."

போனேன். அதுவும் என் பிழைதான். தேத்தண்ணியோடு திரும்பி வந்தபோது கிளாம்ப் பூட்டியிருந்தது, அண்ணை அவசரமாகப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். தேத்தண்ணியைக் குடிக்கவில்லை.

மறுநாள் தொடக்கம் அந்தச் சைக்கிளில் வேலைக்குப் போனேன். முன் பையில் மாற்றுடுப்பும் சாப்பாடும். வீட்டு வாசலிலிருந்து பெரிய ரோடு வரைக்கும் ஒரே இறக்கம். அந்த நாட்களில் கணவர் புதிதாக ஒரு பழக்கம் பழகினார். நான் புறப்படும்போது எழும்பி வாசல்வரை வந்து, "மெதுவாப் போம்" என்பார். இருபத்தாறு வருடத்தில் இல்லாத கரிசனை. நானும் மனம் இளகி, பாவம், சைக்கிளைப் பற்றி இனிப் பேச வேண்டாம் என்று நினைத்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் பிரேக் பிடிக்கும்போது முன்னால் நெரிபடுகிற சத்தம் கேட்டது. வேலை முடிந்து நேரே சைக்கிள் கடைக்கு உருட்டிக்கொண்டு போனேன். அந்தப் பெண் கிளாம்பைக் கழற்றினாள். கீழே தலைமயிர் அளவுக்கு ஒரு கோடு. நாணயத்தால் தட்டிக் காட்டினாள். ஒரு காலில் கணீர் என்றது, மற்றக் காலில் நனைந்த அட்டையைத் தட்டியது போல் கேட்டது. இனி இதில் ஒரு மீட்டர்கூட ஓடக் கூடாது, இறக்கத்தில் முறிந்தால் முகம் நேரே ரோட்டில்தான் என்றாள்.

வீட்டில் வந்து சொன்னேன். கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "அண்ணைக்குச் சொல்லாதையும். மனம் நோவார்" என்றார்.

என் முகத்தை விட அண்ணையின் மனம் பெரிது. அந்த ஞாயிற்றுக்கிழமையே சைக்கிளை உருட்டிக்கொண்டு அண்ணையின் வீட்டுக்கு நடந்தேன். தடுத்துப் பார்க்கலாம் என்று கணவரும் பின்னால் வந்தார். அண்ணை வாசலுக்கு வந்தார்.

"அண்ணை, இதில ஏறி இந்த இறக்கத்தால ஒருக்காப் போட்டு வாங்கோ."

அவர் ஃபோர்க்கைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கு ஏலாது, தங்கச்சி."

"ஏன் ஏலாது?"

"அது வெடிச்சதெல்லே."

வெடிப்பைப் பற்றி நான் இன்னும் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

"அண்டைக்கு இறுக்கேக்கையே சத்தம் கேட்டது" என்றார். "வீட்ட வந்த உடனே உம்மட மனுசனுக்கு போன் எடுத்துச் சொன்னனான், தங்கச்சியை ஓட விடாதையும் எண்டு. ஏன், சொல்லேல்லையோ?"

திரும்பிப் பார்த்தேன். என் கணவர் எங்களைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொன்னால் நீர் அண்ணையோட சண்டைக்கு வருவீர் எண்டுதான்..." என்றார்.

வாசல்வரை வந்து மெதுவாகப் போகச் சொன்னது அதற்குத்தான். நான் அதற்குப் போய் மனம் இளகினேனே, அந்தக் கோபம்தான் இன்றைக்கும் ஆறவில்லை. சைக்கிளை அண்ணையின் வாசலிலேயே சாத்திவிட்டுத் தனியாக நடந்து வந்தேன்.

திங்கட்கிழமை இரும்பு ஃபோர்க்கு வைத்த அந்த ட்ரெக்கிங் சைக்கிளை வாங்கினேன். சனம் என்ன நினைத்ததோ தெரியாது. ஜூனில் நான்கு பையும் கூடாரமும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோது கணவர் வாசலுக்கு வந்தார்.

"மெதுவாப் போம். ஒவ்வொரு நாளும் பின்னேரம் போன் எடும், எனக்குப் பயமா இருக்கும்."

"கடலுக்குப் போய்ச் சேர ஒன்பது நாள் எடுக்கும்" என்றேன். "ஒன்பது நாள் பேசாமல் இருக்க உங்களுக்கு ஏலும்தானே."

போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு இறக்கத்தில் இறங்கினேன்.